கடியம்: நம் வரவேற்பறைச் செடிகளின் பிறந்த வீடு!

சென்னையிலிருந்து ஹவுரா பாதையில் போகும் ரயில், கொவ்வூரைத் தாண்டியதும் கோதாவரிப் பாலத்தில் ஏறும். ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் செல்போனை எடுத்துவிடுவார்கள். பாலம் முடிந்தால் ராஜமுந்திரி. அங்கிருந்து நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனதுமே இருபுறமும் செடிகள், செடிகள், செடிகள்! அதுதான் கடியம்.

தமிழ்நாட்டு நர்சரிகளில் நாம் வாங்கும் செடிகளில் பல, இங்கிருந்து லாரி ஏறி வந்தவைதான். 1852-ல் ஆர்தர் காட்டன் தவளேஸ்வரத்தில் கட்டி முடித்த அணைக்கட்டின் கால்வாய்த் தண்ணீரும், கோதாவரியின் வண்டல் மண்ணும் இந்த ஊரின் மூலதனம். கடியம், கடியபுலங்கா எனப் பக்கத்துப் பக்கத்து ஊர்களிலும் நர்சரிதான் பிழைப்பு. பையில் மண் நிரப்புவது, பதியன் போடுவது, லாரியில் அடுக்குவது என்று காலையிலிருந்தே வேலை நடக்கிறது. தெலுங்கில் செடிக்கு 'மொக்க' என்று பெயர். நம்மூர்க்காரர்களுக்கு முதலில் சிரிப்பு வரும்!

தண்ணீரே எமன்

நிழல்வலைக்குக் கீழே, கத்தி போல நிமிர்ந்து நிற்பது ஸ்நேக் பிளான்ட். பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. நார் எடுக்கப் பயன்பட்ட நம்மூர் மருளுக்கு நெருங்கிய சொந்தம். தடித்த இலையிலும் மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கிலும் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும். வெயில் நேரத்தில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறக்கும். அதனால் ஈரம் வீணாவதில்லை.

கடியத்திலிருந்து தார்ப்பாய் மூடிய லாரியில், சுமார் 600 கி.மீ. தாண்டி சென்னைக்கு வந்தும் வாடாத செடி இது. ஆனால் நம் வீட்டில் தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் சில வாரங்களில் அடி அழுகிச் சாய்ந்துவிடும். 'எனக்குக் கைராசியே இல்லை' என்று புலம்புகிறவர்கள் பலர், உண்மையில் பாசம் அதிகமாகிச் செடியைக் கொன்றவர்கள்தான்.

என்ன செய்யலாம்?

* மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விரலை விடுங்கள். காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் அதைவிடக் குறைவு.
* தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். களிமண்ணாக இறுகியிருந்தால் மணலும் தேங்காய் நார்க்கழிவும் கலந்து மாற்றி நடுங்கள்.
* ஜன்னல் பக்கத்து வெளிச்சம் போதும். இருட்டு மூலையில் சாகாது, வளரவும் செய்யாது.
* மஞ்சள் கரை போட்ட ரகத்தை இலையை வெட்டி நட்டால், புதுச்செடி வெறும் பச்சையாகவே வரும். கரை வேண்டுமென்றால் பக்கக் கன்றைப் பிரித்து நடுங்கள்.
* இலையைக் கடித்தால் குமட்டல் வரும். குழந்தைகள், நாய், பூனைக்கு எட்டாமல் வையுங்கள்.

'காற்றைச் சுத்தப்படுத்தும்' என்று விற்பதை நம்பி ஐந்தாறு வாங்க வேண்டாம். 1989-ல் நாசா செய்த அந்தச் சோதனை, மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. காற்று வந்துபோகும் வீட்டில் நாலைந்து தொட்டிகளால் வித்தியாசம் தெரியாது என்று 2019-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதைவிட ஜன்னலைத் திறப்பது நல்லது.

பொழுது சாயும்போது கடியத்துச் சாலையோரம் லாரிகளில் செடிகள் ஏறுகின்றன. வெயில், மழை, பயணம் என எல்லாம் பார்த்துவிட்டு நம் வீட்டுக்கு வரும் அந்தச் செடி கேட்பது கொஞ்சம் வெளிச்சம்தான். மற்றபடி, அதைச் சும்மா விட்டாலே போதும்!