மரமேறிக்கு என்ன வழி?

திங்கள், இரவு

லாரி ஆபீஸில் டிரைவர்களைக் கூட்டி வைத்து அண்ணன் பேசினார். இனி ராத்திரி பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரைக்கும் நம் வண்டி எதுவும் ஓடாது. ஓரங்கட்டித் தூங்க வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். மூத்த டிரைவர் மட்டும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங், வண்டி நின்னா டிரிப்பு குறையுமுங்க. படிக்காசு யாருங்க குடுக்கறது?" அண்ணனிடம் பதில் இல்லை.

செவ்வாய்

திருச்செங்கோட்டில் வேலை முடிந்து புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்துக்குப் போனேன். 1925ல் ராஜாஜி தொடங்கியது. மதுவிலக்கு அவருடைய பெருங்கனவு. அதற்கென்றே 1929ல் இங்கிருந்து 'விமோசனம்' பத்திரிகை வந்தது, கல்கி துணை நின்றார். ஆனால் ஊர் ஜனங்களுக்கு ஆசிரமம் முதலில் கொடுத்தது உபதேசம் இல்லை, வேலை. மழை பொய்த்த காலத்தில் பெண்கள் நூலைக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி வாங்கிப் போனார்கள். கையில் காசு வந்த பிறகு சொல்லும் பேச்சுக்குத்தான் காது கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. அன்றைக்கு நம் சங்ககிரியும் திருச்செங்கோடும் அதற்குள்தான். நேற்றுவரை கள்ளுக்கடையை ஏலம் விட்ட அதே அரசாங்கத்து ஆட்கள்தான் அதை மூடவும் வேண்டும். கலெக்டர் டிக்சன் என்கிற வெள்ளைக்காரர் அதைத் தன் வேலையாகவே எடுத்துச் செய்தார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று: பிழைப்புப் போன மரமேறிக்குப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச உரிமம் தந்தார்கள். கஜானாவுக்கு விழுந்த ஓட்டையை அடைக்க 1939ல் விற்பனை வரி கொண்டுவந்தார்கள். நஷ்டம் யார் தலையில் விழும் என்று யோசித்திருக்கிறார்கள். அப்படியும் அமைச்சரவை விலகிய பின், போர்க்காலத்தில் சட்டம் நிறுத்தப்பட்டது. மாகாணம் முழுக்க மதுவிலக்கு வர 1948 ஆயிற்று.

புதன், காலை

அண்ணனிடம் சொன்னேன்: டிரிப்பு குறைந்தாலும் படிக்காசு குறையாது என்று முதலில் எழுதிக் கொடுங்கள், தூக்கத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். கணக்கு நோட்டை எடுத்து வெகுநேரம் கூட்டிப் பார்த்தார். சிமெண்ட் லோடில் கட்டும், தூரத்து லோடில் கொஞ்சம் கையைக் கடிக்கும். சரி என்றார்.

மூத்த டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். படித்துவிட்டு, "லோடு லேட்டுன்னு பார்ட்டி வாடகையில புடிச்சா, அது யாரு கணக்குங்க?" என்றார்.

அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.