போக ஒரு டிக்கெட், திரும்ப ரெண்டு!

அந்தமான் போகலாம் என்று நானும் நண்பனும் பேசிப் பேசியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. போன டிசம்பரில்தான் வேளை வந்தது. அதிலும் ஒரு சிக்கல். அவனுக்கு நாலே நாள். படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவை அதற்கு மேல் அக்காவால் பார்த்துக்கொள்ள முடியாது. ஆபீஸ் இல்லாத எனக்கோ ஏழு நாள்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்தே டிக்கெட் போடுடா. அப்புறமா என் தேதியை மட்டும் மாத்திக்கலாம்" என்றான். பி.காம். படித்தவன் சும்மா இருப்பேனா? ஒரே பி.என்.ஆரில் ரெண்டு பேர் இருந்தால் ரெண்டு பேருக்கும் ஒரே பயணம்தான். ஒருவர் தேதியை மட்டும் மாற்ற, முதலில் பி.என்.ஆரைப் பிரித்துத் தரச் சொல்லி விமானக் கம்பெனியிடம் கெஞ்ச வேண்டும். அப்புறம் மாற்றுக் கட்டணம். போதாததற்கு டிக்கெட் விலை வித்தியாசம் வேறு!

ஆகவே, போக ஒரே டிக்கெட். திரும்ப ஆளுக்கொன்று. உள்நாட்டு விமானத்தில் இப்படிப் பிரித்துப் போட்டால் பெரும்பாலும் நஷ்டமில்லை. வெளிநாடு என்றால் கதை வேறு. அங்கே பல சமயம் ரிட்டர்ன் டிக்கெட்தான் மலிவு. ஆளுக்கொரு ரிட்டர்ன் போட்டு, போகும்போது பக்கத்துப் பக்கத்து சீட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு சூட்சுமம். மலிவு விலையில் ஒரே ஒரு சீட் பாக்கி இருக்கும்போது ரெண்டு கேட்டால், பல சமயம் ரெண்டுக்குமே அடுத்த விலையைக் காட்டும். ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள் சார், ஒரு ஆளுக்காவது லாபம்!

சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள். விமானத்தில் இரண்டரை மணிக்குள் இறக்கிவிடுகிறார்கள். போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. 1906-ல் கட்டி முடித்த செல்லுலார் ஜெயிலுக்கு அன்று ஏழு சிறகுகள். இன்று மிச்சம் மூன்று. ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாதபடி கட்டியிருக்கிறார்கள். ஓர் அறைக்குள் போய் நின்ற நண்பன், வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டான்.

நாலாம் நாள் அவனை ஏர்போர்ட்டில் விட்டேன். மறுநாள் ராதாநகர் கடற்கரை. டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கே சூரியன் விடைபெறுகிறது. வானம் பூராவும் குங்குமம். "டேய், பாருடா!" என்று திரும்பினேன். பக்கத்தில் யாரோ ஒரு பெங்காலித் தாத்தா. சிரித்தார்.

ராத்திரி போன் போட்டேன். "அம்மாவுக்குக் கஞ்சி குடுத்துட்டிருக்கேன். நீ பார்த்துட்டு வந்து சொல்லு, போதும்" என்றான்.

கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டேன். அந்த மூன்று நாளை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா என்பதுதான் இன்னும் புரியவில்லை!