வண்ணமேற்றிய மீனும் வணிகர் அறமும்

உயிர்கட்கு உடம்பைக் கூட்டுவிப்பவன் இறைவன் என்பது சைவ சித்தாந்தத் துணிபு. ஆணவ இருளில் அழுந்திக் கிடக்கும் உயிர், தன் வினையை நுகர்ந்து கழித்து அறிவு விளங்கப் பெறுதற்பொருட்டு, தனு கரண புவன போகங்களை மாயையினின்றும் தோற்றுவித்து அவன் அருளுகின்றான். ஆதலின் உடம்பென்பது உயிர்க்கு அருளால் அளிக்கப்பட்ட கருவியாம். எறும்பின் உடம்பும் யானையின் உடம்பும் இவ்வகையில் ஒன்றே. மற்றோர் உயிரின் உடம்பை ஒருவன் தன் ஊதியங் கருதி எவ்வளவிற்கு மாற்றியமைக்கலாம் என்னும் வினா, கண்ணாடித் தொட்டிகளில் வைத்து விற்கப்படும் அழகுமீன்களால் இக்காலத்தே புதிதாக எழுந்துள்ளது.

அழகுமீன் வணிகத்திற்குப் பெயர்பெற்ற இடம் சென்னைக் கொளத்தூர். உயிர்வளி நிரப்பிக் கட்டிய பைகளில் மீன்கள் இவ்வாறான சந்தைகளிலிருந்து ஊர்தோறும் செல்கின்றன. வைப்பாற்றங்கரைச் சாத்தூரும் அவற்றுள் ஒன்று. சாத்தூர், சிவகாசி வட்டாரத்தார்க்கு வண்ணம் புதியதன்று. வாணவேடிக்கையிற் செம்மை தோன்ற ஸ்ட்ரான்சியம் உப்பும், நீலம் தோன்றச் செம்பின் உப்பும் சேர்ப்பது அவர் அறிந்த தொழில். தீப்பெட்டியின்மேல் ஒட்டும் படம் வண்ணத்தாலேயே கண்ணைக் கவரும். வெடிமருந்துக்கு நோவில்லை, காகிதத்துக்கும் நோவில்லை. ஆதலின் அங்கே வண்ணம் சேர்த்தலிற் குற்றமின்று. அப்பழக்கத்தையே உயிருள்ள உடம்பின்மேற் செலுத்துங்கால்தான் குற்றம் புகுகின்றது. திருவிழாக் கடைகளிற் சாயந்தோய்த்த கோழிக்குஞ்சுகளை விற்பதும் இவ்வினத்ததே.

செய்தியை விளங்க அறிதல் வேண்டும். நம் நாட்டு ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் கண்ணாடி மீன் என்பதொன்றுண்டு. விரலளவே நீளமுள்ள அதன் உடம்பு, உள்ளிருக்கும் முள்ளும் குடலும் புறத்தே தெரியுமாறு தெளிந்திருக்கும். தென்கிழக்காசிய நாடுகளில் இதன் தோலின்கீழ்ப் பல இடங்களில் ஊசியாற் குத்தி ஒளிர்சாயத்தைச் செலுத்தி, 'வண்ணக் கண்ணாடி மீன்' என்று விலைப்படுத்தினர். அச்சாயம் சில திங்களில் மங்கிப்போம். லிம்போசிஸ்டிஸ் என்னும் நச்சுயிரி நோய் ஊசிப்புண்பட்ட மீன்களை மிகுதியும் பற்றுதலை மீன்மருத்துவர் கண்டுள்ளனர். வேறு சில மீன்களைக் கடுநீரில் இட்டு, உடலைக் காக்கும் வழுவழுப்பான மேற்படலத்தை நீக்கிச் சாயத்தில் தோய்த்தலும் உண்டு. பிரிட்டனில் வெளிவரும் 'பிராக்டிகல் ஃபிஷ்கீப்பிங்' என்னும் இதழ் 1996ஆம் ஆண்டிலேயே இத்தகைய மீன்களை விற்றலாகாதென்று கடைக்காரரை வேண்டி ஓர் இயக்கம் தொடங்கியது.

இனங்கலந்த மீன்களின் செய்தி சிறிது வேறு. தைவானில் 1980களில் தோன்றிய கிளிமீன் (பேரட் சிக்லிட்) தன் வாயை முற்றும் மூடமாட்டாது; தொண்டையிலுள்ள பற்களால் இரையை நசுக்கியே உண்ணும். மலேசியாவில் 1990களில் உருவாக்கப்பட்ட ஃபிளவர்ஹார்ன் என்பது நெற்றிப்புடைப்பின் அளவுக்கேற்ப விலைபெறுகின்றது. நம் நாட்டில் இதனை 'வாஸ்து மீன்' என்று கூறி, வீட்டிற்குச் செல்வம் கொணருமென்று விற்கின்றனர். இருவினைப் பயனை ஊட்டுவோன் இறைவனே எனக் கொள்ளும் சைவர், ஒரு மீனின் நெற்றிப்புடைப்பினின்றும் செல்வம் வருமென நம்புதல் எங்ஙனம் பொருந்தும்?

சாத்தூரில் இத்தகைய கடை வைத்துள்ள இளைஞர் ஒருவர், திருமுறை ஓதும் பெரியவர் ஒருவரை அடைந்து தம் ஐயத்தை வெளியிட்டார். தீப்பெட்டி ஆலையில் உழைத்த தந்தையின் சேமிப்பையும் வட்டிக்குப் பெற்ற பொருளையும் முதலாக இட்டுத் தொடங்கிய கடை அது. "ஐயா, வண்ணமில்லா மீனைப் பிள்ளைகள் திரும்பியும் பார்ப்பதில்லை. வண்ணமேற்றியது இருந்தாற்றான் மாத வாடகை தேறுகின்றது. ஊசி குத்தியவன் நானல்லேன். எங்கோ செய்ததை வாங்கி விற்கின்றேன். நான் விடுத்தால் அடுத்த கடைக்காரர் விற்பார். மீனைக் கொன்று தின்பார்க்கு இல்லாத பாவம் எனக்கு மட்டும் உண்டோ?" என்றார். பெரியவர் அவரைக் கடிந்திலர். "தம்பி, ஐயம் எழுந்ததே அருள். ஒவ்வொன்றாக எண்ணுவோம்" என்றார். அவ்வெண்ணங்கள் இவ்வணிகம் செய்வார் யாவர்க்கும் வேண்டுவன ஆதலின் ஈண்டுத் தொகுத்துரைக்கப்படுகின்றன.

மீனுக்கு நோவு உண்டோ என்பது முதற்கண் எழும் தடை. லின் ஸ்னெடன் என்னும் அறிவியலாரும் அவர்தம் துணைவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ட்ரௌட் மீனின் தலைப்பகுதியில் நோவுணரும் நரம்புகள் உளவென்று காட்டினர். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் இரையை நாடாது தங்கி, உதட்டைத் தொட்டியின் பரற்கற்களில் உராய்ந்தன. உயிர் உண்டெனக் கொண்டவர்க்கு இஃது ஏற்கெனவே உடன்பாடாம்.

கொன்று தின்பார் உளரே எனின், அது கொண்டு இது குற்றமற்றதாகாது. கொலையும் புலாலும் சைவ ஒழுக்கத்திற் கடியப்பட்டனவே. எனினும் பசியால் நிகழ்வது ஒன்று. கண்ணின் வேடிக்கைக்காக உயிருடன் வைத்து வருத்துவது மற்றொன்று. பின்னதற்குப் பசியென்னும் சமாதானமும் இல்லை.

மாட்டுப்பொங்கலில் கொம்புக்கு வண்ணம் தீட்டுகின்றோமே எனின், கொம்பின் மேற்புறம் உணர்வற்றது. தீட்டுவது அம்மாட்டின் உழைப்பைப் போற்றுதற்கு. மறுநாளும் அதற்குத் தீனியிட்டுக் காப்பான் அவ்வுழவனே. மீனுக்கு ஏற்றும் சாயமோ புண்வழியே புகுவது. அதன் பயன் விற்போன் பையைச் சேர்வது. ஆதலின் வண்ணம் குற்றமன்று, வருத்துதலே குற்றம். இனக்கலப்பும் அவ்வாறே. ஒட்டுமாவை யாரும் பழிப்பதில்லை. பிறந்த உடம்பு உண்ணவும் நீந்தவும் இடர்ப்படுமாறு வேண்டுமென்றே ஈனச்செய்வதுதான் பழிக்குரியது.

ஊசி குத்தியவன் வேறு, விற்போன் வேறு என்பது அடுத்த தடை. வாங்குவார் இலராயின் விற்பாரும் இலர் என்னும் நியாயத்தைத் திருவள்ளுவர் புலான்மறுத்தல் அதிகாரத்தில் முன்னரே நிறுவியுள்ளார். அந்நியாயம் சாயக்காரனுக்கும் கடைக்காரனுக்கும் வீட்டிற்கு வாங்கிச் செல்வோனுக்கும் ஒப்பச் செல்லும். அன்றியும், மங்கிப்போகும் சாயத்தை இயற்கை வண்ணமென்று குழந்தையிடம் விற்றல் பொய்யுமாம். ஒரு செயலில் இன்னாமையும் பொய்யும் ஒருங்கு நிற்கின்றன.

சட்டம் தடுக்கவில்லையே எனின், 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டம், மனிதரல்லாத எவ்வுயிரையும் பிராணியென்றே வரையறுக்கின்றது; மீன் அதனுள் அடங்கும். 2017இல் மத்திய அரசு மீன்தொட்டிக் கடைகட்கெனத் தனி விதிகளை வெளியிட்டுப் பின்னர்த் திரும்பப் பெற்றுக்கொண்டது. விதி வரினும் போகினும், அறம் நெஞ்சைச் சான்றாக உடையது.

இனி, மீனைக் குறித்துச் சைவம் கூறும் பெருமை சிறிதன்று. மீன் தன் முட்டையைப் பார்வையாற் பொரிக்கும் என்னும் வழக்குப் பற்றியே, ஆசிரியன் செய்யும் நயன தீக்கைக்கு அதனை உவமையாகக் கூறுவர். பாண்டி நாட்டுக் கொடியிலும் அங்கயற்கண்ணி திருப்பெயரிலும் விளங்குவது அதுவே. மதுரைத் திருவிளையாடலில் நாரைக்கு முத்தி கொடுத்த படலம் ஒன்றுண்டு. முனிவர் நீராடுங்கால் அவர்தம் திருமேனியைத் தீண்டிய மீன்கள் இவை எனக் கருதி, அவற்றைத் தின்னாது நின்றது அந்நாரை. மீனையே உணவாகவுடைய பறவை பசியோடும் அருள் பூண்டது. பொற்றாமரைக் குளத்தில் மீன் இல்லாதொழிய வேண்டுமென்றும் இறைவன்பால் வேண்டிப் பெற்றது.

எல்லாவற்றினும் மேலாக நினைக்கத்தக்கவர் அதிபத்த நாயனார். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவராகிய அவர், அன்றாடம் வலையிற்படும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விடுவார். ஒரு மீனே கிடைத்த நாள்களிலும் அதனை விட்டுச் சுற்றத்தோடு பசித்திருந்தார். அந்நிலையில் ஒருநாள் பொன்னும் மணியும் ஒளிரும் மீனொன்று தனித்துக் கிடைத்தது. உலகையே விலையாகப் பெறும் அம்மீனையும் அவர் அலைமேல் விட்டார். வண்ணமில்லா மீனுக்குப் பொய்வண்ணம் ஏற்றி விலைபெறுவோர், மெய்ப்பொன் மீனையே விலைகொள்ளாது விட்டவர் வரலாற்றைக் கேட்டல் நன்று. அவர் தொழிலைத் துறந்திலர். தொழிலினுள்ளேயே இறைவனுக்குரியதைப் பிரித்து வைத்தார். வணிகர்க்கு வேண்டுவதும் அதுவே.

ஆதலின் பெரியவர் அவ்விளைஞரைக் கடையை மூடச் சொல்லவில்லை. சாயமேற்றிய மீனை இனி வரவழையாதிருக்கவும், இருப்பவற்றை விற்பனைக்கு வையாது நல்ல நீரும் இரையும் தந்து இறுதிவரை காக்கவும், வாங்க வருவார்க்கு உண்மையை உரைக்கவும் கூறினார். வளர்க்க மனமில்லார் இனங்கலந்த மீனைக் கோயிற்குளத்திலோ கண்மாயிலோ விடுதல் புண்ணியமன்று. மூர்க்கமான அவ்வினம் அங்குள்ள சிறுமீன்களை அழிக்கும் என்பதனையும் அறிவுறுத்தினார். இழப்பு வாராதெனப் பெரியவர் உறுதி கூறவில்லை. இழப்பைத் தாங்கிக் காப்பதன்றோ அறம்? அவ்விழப்பை அவர் ஒருவரே சுமவாதபடி, ஊரார் தாமும் வண்ணமேற்றாத மீனையே அவர் கடையிற் கேட்டு வாங்குதல் கடன்.

உயிர் படிகம் போல்வது, சார்ந்ததன் வண்ணமாவது என்பர் நம் ஆசிரியர். கண்ணாடி மீனுக்கு ஏற்றிய சாயம் சில திங்களில் மங்கும். அதனை ஏற்றியும் விற்றும் வாங்கியும் நின்றார் உயிரிற் பற்றிய சாயம் நுகர்ந்தன்றித் தீராது. பொருளைச் சாராது அருளைச் சார்ந்தார்க்கு அவ்வுயிரே சிவத்தின் வண்ணமாம்.

திருச்சிற்றம்பலம்.