அஞ்சறைப் பெட்டியில் ஒரு ஜீப்

உபயோகமில்லாத சாமான் ஒன்றை ஒரு வீட்டில் எத்தனை வருஷம் வைத்திருக்கலாம்? மிஞ்சிப் போனால் பத்து வருஷம் என்பீர்கள். புதுக்கோட்டை ஜில்லா ஆலங்குடிக்குப் பக்கத்தில், என் சித்தப்பா வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒரு ஜீப் முப்பது வருஷம் நின்றது. தாத்தா 1960களில் வாங்கிய வண்டி. பின்னால் டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு கடலை மூட்டையும் பலாப் பழமும் சுமந்த வண்டி. கடைசியில் அதன் ஸீட்டில் கோழி அடை காத்தது.

பழைய இரும்பு வியாபாரி வந்து விலை பேசினார். "கொடுத்துத் தொலைக்கலாம்" என்றது குடும்பம். சித்தப்பாவோ, "நானே ஓட்டிக் காட்டுகிறேன்" என்றார். அவர் ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார், அம்மணிகளே! அதுவரை ஸ்பானரைத் தொட்டவர் அல்ல.

ஊரார் சிரித்தார்கள். கோயமுத்தூர் ஜி.டி. நாயுடுவைப் பார்த்தும் இப்படித்தான் சிரித்திருப்பார்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கியவர் அவர். ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, 300 ரூபாய்க்கு அதை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மறுபடி பூட்டினார். அந்தப் பாடந்தான் 1920ல் பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு அவரைப் பஸ் ஓட்ட வைத்தது.

ஜீப் கழற்றுவதற்குச் சுலபமான வண்டி. இரண்டாவது உலக யுத்தத்தில் போர்க்களத்திலேயே பழுது பார்க்க வேண்டும் என்று செய்யப்பட்டது அல்லவா? ஆனால் சித்தப்பாவின் ஜீப்பில் எஞ்சின் இறுகிப் போயிருந்தது. பிளக்குகளை எடுத்துவிட்டு நான்கு துவாரங்களிலும் டீசல் ஊற்றி ஒரு வாரம் காத்திருந்தார். எட்டாம் நாள் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றியபோது ஒரு நூல் அளவு அசைந்தது. பெட்ரோல் டாங்கில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தார். பிரேக்குக்கு வேண்டிய ரப்பர் சாமான்களைத் தேடிப் புதுக்கோட்டைக்காரர் சென்னைப் புதுப்பேட்டை வரை போய் வந்தார்.

கழற்றிய திருகாணிகள் எல்லாம் ஒரே தாம்பாளத்தில் கிடந்தன. சித்திக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, கடுகையும் வெந்தயத்தையும் ஒரே டப்பாவிலா கொட்டி வைப்பாங்க?"

மறுநாள் பழைய அஞ்சறைப் பெட்டியும் பால் பவுடர் டப்பாக்களும் கொட்டகைக்கு வந்தன. கார்புரேட்டர் திருகு ஒன்றில், டிஸ்டிரிபியூட்டர் திருகு ஒன்றில், மேலே துண்டுச் சீட்டு. அந்த எஞ்சினில் பிளக்குகள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் பொறி விட வேண்டும். தப்பினால் எஞ்சின் இருமுமே தவிர ஓடாது. சித்தி ஒவ்வொரு ஒயரிலும் நூலைக் கட்டி, அதன் எண்ணுக்குத் தக்கபடி முடிச்சுப் போட்டாள்.

பதினாலு மாதம் கழித்து ஜீப் உறுமியது. கோழிகள் சிதறி ஓடின!

அடுத்தது சர்க்கார் காகிதம். 2021ல் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய சொந்த வண்டியைப் புராதன வண்டி என்று பதிவு செய்துகொள்ளலாம், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் வரும். சித்தப்பாவுக்கு அதில் கொள்ளை ஆசை. ஆனால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் போகலாமே ஒழிய, அன்றாட வேலைக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது.

"அப்போ கடலை மூட்டை ஏத்தக் கூடாதா?" என்றாள் சித்தி. "மாமா இதை வேலைக்குத்தானே வாங்கினாரு? கொலுப் பொம்மையா வைக்கவா இத்தனை பாடு?"

சித்தப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சித்தி டிரங்குப் பெட்டியைத் திறந்து, கூறைப் புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்த தாத்தா காலத்துப் பதிவுப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கும் சாதாரண வழியிலேயே அவர் போனார். போன அறுவடைக்கு மூட்டைகள் ஜீப்பில்தான் வந்தன.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய தையல் மிஷினோ கடிகாரமோ தூங்குகிறதா? அதை எடைக்குப் போடுமுன் ஒரு தடவை திறந்து பாருங்கள். ஆனால் முதலில் டப்பாக்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்!