எந்த வழியாக வந்தார்கள்?

1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களை வைத்து நாவல் எழுத உட்காருகிறவர் காதலர்களுக்குப் பெயர் தேடுவதற்கு முன் காலண்டரை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது 1942 மார்ச் 8. மே மாதத்தில் மழை பிடித்துக்கொண்டது. இதற்குள் எந்த நாளில் நம் ஆள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினான் என்று தெரிந்துவிட்டால், அவன் பிழைப்பானா மாட்டானா என்பதும் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

அடுத்தது வழி. பணமும் செல்வாக்கும் இருந்தவர்களுக்குக் கப்பல். மேல்தளத்தில் படுத்து வரும் ஏழைகளை ஏற்றக் கூடாது என்று அரசாங்கமே தடுத்து வைத்த நாட்கள் உண்டு; துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆள் வேண்டுமே! கப்பல் கிடைக்காதவன் புரோம் வரை போய், மலை தாண்டி தாங்குப் கடற்கரையில் இறங்கி, அக்யாப், சிட்டகாங் என்று வந்தான். பிறகு வந்தவர்களுக்கு மாந்தலே, மோனிவா, சிந்த்வின் கரையில் கலேவா, அங்கிருந்து தாமு, பாலேல், இம்பால், திமாப்பூர். இவையெல்லாம் அடைபட்ட பிறகு வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கு. ஏப்ரலில் தாமு வழியாக நடந்தவனுக்குக் காலராவும் தாகமும். ஜூனில் ஹூக்காங்கில் மாட்டிக்கொண்டவனுக்கு முழங்கால் சேறு, அட்டை, கரைபுரளும் ஆறு. வந்து சேர்ந்தவர்கள் நான்கைந்து லட்சம் என்பார்கள். வழியில் விழுந்தவர்களை யாரும் எண்ணவில்லை. பத்தாயிரம் என்றும் ஐம்பதாயிரம் என்றும் சொல்கிறார்கள்.

இதில் காதலுக்கு என்ன வேலை? ஆளைத் தாமதப்படுத்துவதுதான். அவள் வரட்டும் என்று ஒருவன் மாந்தலேயில் பத்து நாள் தங்குகிறான். அந்தப் பத்து நாளில் சிந்த்வின் படகுக் கூலி எகிறிவிடுகிறது, முகாமில் காலரா வந்துவிடுகிறது, ரயில் நின்றுவிடுகிறது. சமாதான காலத்தில் பத்து நாள் காத்திருப்பது ஒரு பாட்டுக்கு ஆகும். அங்கே அது உயிருக்கு வைக்கும் பந்தயம். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் வில்லன் என்று தனியாக ஒருவன் தேவைப்படுவதில்லை.

சினிமா வழக்கப்படி அகதிக் கூட்டத்தில் இருவர் சந்தித்து, காட்டில் நெருப்பு மூட்டி, ராத்திரி முழுக்கப் பேசுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மூங்கில் கொட்டகையில் கால்மாட்டில் ஒரு குடும்பம், தலைமாட்டில் வயிற்றுப்போக்கோடு ஒரு கிழவர் என்று படுத்திருப்பவர்களுக்குத் தனிமை எங்கிருந்து வரும்? என் நாவலில் ஓர் இடம். மோனிவாவிலேயே அவளுடைய செருப்பு அறுந்துவிட்டது. கலேவாவுக்கு அப்பால் ஓர் ஓடைக்கரையில் அவன் வேட்டியின் ஒரு பக்கத்தை நீளமாகக் கிழித்து நீட்டுகிறான். அவள் காலை நீட்டவில்லை. துணியை வாங்கித் தானே சுற்றிக்கொள்கிறாள். அவளுடைய அத்தை பார்த்துக்கொண்டிருக்கிறாள். மிஞ்சிய துண்டை அந்தப் பெண் மடித்துத் திருப்பித் தருகிறாள், "வெச்சுக்குங்க, நாளைக்கும் வேணும்" என்று. நாவலின் காதல் காட்சி இவ்வளவுதான். இதற்கு மேல் எழுதிப் பார்த்த வசனமெல்லாம் மிகையாகத் தெரிந்தது, அடித்துவிட்டேன்.

நம் கதைகளில் ஓரமாக வந்துபோகிற பர்மியப் பெண்ணிடம்தான் விஷயம் கனமாக இருக்கிறது. ‘பராசக்தி’ படத்து ரங்கூன் குடும்பமும் தமிழ்க் குடும்பம்தான். செட்டியார்களின் வட்டிக்கடைகளுக்கு மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வேலைகளில் மூன்று வருடக் கணக்கில் ஆட்கள் போனார்கள். மனைவி ஊரில் இருப்பாள். கடை ஆட்களோ, வியாபாரிகளோ, ஆலைக் கூலிகளோ, பர்மியப் பெண்ணோடு குடும்பம் நடத்தியவர்கள் இருந்தார்கள். 1930களின் கடைசியில் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால்வாசி செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது, விலைவாசி வீழ்ச்சியில் கடன் திரும்பாததால். அப்படியானால் என் நாவலில் வரும் அடுத்தாளின் பர்மிய மனைவிக்கு ஐராவதி டெல்டாவில் ஓர் அண்ணன் இருக்கலாம். அவன் நிலம் இவன் கடைப் பேரேட்டிலேயே பற்று எழுதப்பட்டிருக்கலாம். 1938இல் இந்தியர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தின்போது அவள் புருஷனை வீட்டுக்குள் ஒளித்துவைத்திருக்கலாம். 1942 பிப்ரவரியில் அவன் "கிளம்பு" என்று சொன்னால் அவள் எந்த ஊருக்குக் கிளம்புவாள்? காரைக்குடியில் அவளுக்கு யார் கதவைத் திறப்பார்கள்? இதை எழுதும்போது குண்டுவீச்சு தூரத்துச் சத்தமாகிவிடுகிறது. அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

நாவலாசிரியர் ப. சிங்காரம், காதலைப் பிரிப்பது குண்டு மட்டுமல்ல என்பதை நன்றாக அறிந்தவர். ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் செல்லையாவும் மரகதமும் சேராமல் போவது போர் முடிந்த பிறகு. தடுத்தவர் பெண்ணின் தகப்பனார், துப்பாக்கி பிடித்த பையன் இனி வட்டிக்கடைக்கு உதவமாட்டான் என்று. போர்க்காலக் காதல் எழுத வருகிறவர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டு வரலாம்.

வந்து சேர்ந்ததையும் எழுத வேண்டும், சுருக்கமாக. வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வழி, நமக்கு ஒரு வழி என்ற பாரபட்சத்தைக் கண்டித்து 1942 ஏப்ரல் கடைசியில் அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி தீர்மானமே போட்டது. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழ, சென்னை அரசாங்கம் ஜனங்களை வெளியேறச் சொன்னது. குண்டுக்குத் தப்பி வந்தவன் சென்ட்ரலில் இறங்கினால், எதிரே பெட்டி படுக்கையோடு சென்னைக்காரன் ரயில் பிடிக்கிறான். நான் கற்பனை செய்திருந்தால் மிகை என்றிருப்பார்கள்.

முடிவைப் பற்றிப் பதிப்பாசிரியரோடு இன்னும் தகராறு. அடுத்தாளும் பர்மிய மனைவியும் கடைசியில் சந்திக்க வேண்டும் என்கிறார். ஜப்பானியர் இருந்தவரை அங்கிருந்து இங்கே கடிதம் வர வழியில்லை. 1946இல் என்றால் கப்பலில் இடம் கிடைத்துப் போயிருக்கலாம். 1947இல் பர்மா குடிவரவுச் சட்டம் கொண்டுவந்துவிட்டது, உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். அவனை 1948இல்தான் கிளம்பவைத்திருக்கிறேன்; அதற்குள் ஊரில் மகளுக்குக் கல்யாணம், சீர், கடன் எல்லாம் குறுக்கே வந்துவிட்டன. இரண்டு வருடம் முன்னுக்குத் தள்ளினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறார் பதிப்பாசிரியர். தள்ளினால் மகளின் கல்யாணத்துக்கு முன்பே அவன் கப்பலேறிவிடுவான். அந்த மனுஷன் அப்படிச் செய்கிறவன் இல்லை.