முருங்கைக் கிளை தாங்குமா?

போன ஞாயிற்றுக்கிழமை வெற்றிலைச் சந்தை முடிந்து நான் வீடு திரும்பியபோது நீ திண்ணையில் உட்கார்ந்திருந்தாய். போனைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினாய். அடர்ந்த காடு, நடுவில் ஒரு நரி, நரிக்குப் பச்சைச் சட்டை. "நாலு வார்த்தை எழுதுனேன் தாத்தா, பத்து நொடியில படம் வந்துடுச்சு" என்றாய். கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம் எதுக்கு நான் மணிக்கணக்கா உட்கார்ந்து வரையணும்?" என்று கேட்டாய்.

எனக்கு உடனே பதில் வரவில்லை கண்ணு. காலமெல்லாம் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் நான். அந்தக் கேள்வி அன்றைக்கு என்னைச் சாப்பிடவிடவில்லை. ராத்திரி நீயே போட்டுக் காட்டிய ஆங்கிலப் படத்தில்தான் பதிலின் ஒரு நுனி கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். உன் வயதுப் பிள்ளைகள் யார் படித்தாலும் சரி.

அந்தப் படம் 'மிஸ் பாட்டர்'. 2006இல் வந்தது. கிறிஸ் நூனன் இயக்கியிருக்கிறார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய லண்டன் வீடு, ஒரு மேசை, தூரிகை, ஒரு பெண். காகிதத்தில் அவள் வரைந்த முயல் சட்டென்று காதை ஆட்டுகிறது. அந்த இடத்தில் நீ சிரித்தாய். எனக்குக் கண் கலங்கியது. வரைகிறவனுக்கு அது கற்பனையே அல்ல. நீண்ட நேரம் உற்றுப் பார்த்த ஒன்று உள்ளே அசையத்தான் செய்யும்.

அந்தப் பெண்தான் பீட்ரிக்ஸ் பாட்டர். 1866இல் பிறந்தவர். வசதியான குடும்பம். பள்ளிக்கூடம் அனுப்பவில்லை, வீட்டிலேயே டீச்சர் வைத்துப் பாடம். கூட்டாளிகள் என்று சொல்லிக்கொள்ள முயல், எலி, முள்ளெலி, ஓணான். அவற்றை வளர்த்தார், பார்த்தார், வரைந்தார். 1893 செப்டம்பரில், முன்பு தனக்குப் பாடம் சொன்ன டீச்சரின் ஐந்து வயதுப் பையன் நோயல் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தான். அவனுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல், நாலு முயல்குட்டிகளின் கதையைப் படம் போட்டுக் கடிதமாக அனுப்பினார். உலகம் முழுக்கப் பிள்ளைகள் படித்த பீட்டர் முயல், நோயில் கிடந்த ஒரே ஒரு பையனுக்காகப் பிறந்தது. புத்தகம் போடும் எண்ணமெல்லாம் பிற்பாடுதான்.

பதிப்பாளர்கள் பலர் திருப்பி அனுப்பினார்கள். 1901 டிசம்பரில் சொந்தக் காசில் 250 பிரதிகள் அடித்தார். அடுத்த வருஷம் பிரெடரிக் வார்ன் நிறுவனம் வண்ணப் படங்களோடு வெளியிட்டது. குழந்தையின் கைக்குள் அடங்கும் சின்னப் புத்தகமாக இருக்க வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

படம் நின்று பேசாத ஒரு விஷயம் உண்டு. முயல் புத்தகத்துக்கு முன்னால் அவர் காளானைப் பார்த்தவர். மழை விட்ட காட்டில் முளைத்திருப்பதை எடுத்துவந்து நுண்ணோக்கியில் வைத்து, வருஷக்கணக்காக நூற்றுக்கணக்கில் வரைந்தார். காளானின் வித்து எப்படி முளைக்கிறது என்று ஒரு கட்டுரையும் எழுதினார். 1897இல் அது லண்டன் லின்னேயன் சங்கத்தில் முன்வைக்கப்பட்டபோது அவரால் அந்த அறைக்குள் போக முடியவில்லை. பெண்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. ஆனால் அவர் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 1967இல், காளான்களைப் பற்றி வந்த ஓர் அறிவியல் புத்தகத்தில் அவருடைய படங்களையே எடுத்துப் போட்டார்கள். அவ்வளவு துல்லியமான கண். அந்தக் கண்தான் பீட்டருக்கு நீலச் சட்டை மாட்டியது. சட்டை கற்பனை, உள்ளே இருக்கும் முயல் நிஜம். முதுகு வளைவு, பின்னங்கால் மடிப்பு எதிலும் தப்பு இருக்காது. நீ காட்டிய நரியைத் திரும்ப எடுத்துப் பார். சட்டை நன்றாக இருக்கிறது. சட்டைக்குள்ளே நரி இருக்கிறதா?

இதற்காக இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. நம் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். கே.சி. சிவசங்கரன், அம்புலிமாமா சங்கர். 1924இல் தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே சென்னைக்குப் படிக்கப் போனவர். பள்ளி முடித்ததும் சென்னை ஓவியக் கல்லூரி. அப்போது அங்கே முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்தாரே, அவர்தான். படிப்பு முடிந்து 1946இல் கலைமகளில் சேர்ந்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்கு வந்தார்.

அம்புலிமாமா 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கியது. தெலுங்கும் தமிழும் ஒரே நேரத்தில். பிறகு ஒவ்வொரு மொழியாகக் கூடிக்கொண்டே போனது. எழுத்து மாறும், படம் மாறாது. சங்கர் போட்ட அதே அரசனைத்தான் மராத்திப் பிள்ளையும் ஒடியாப் பிள்ளையும் பார்த்தார்கள். விக்கிரமன் தோளில் வேதாளத்தைச் சுமந்து, கையில் வாளோடு நடந்து வருவானே, அந்தப் படம் அவர் கை. வடமொழியில் இருந்த வேதாளக் கதைகள் இருபத்தைந்துதான். அவை தீர்ந்த பிறகும் புதிது புதிதாக எழுதிக்கொண்டே இருந்தார்கள். மாதம் தவறாமல் அரசன் மரத்துக்குப் போனான், அவரும் மேசைக்குப் போனார். அறுபது வருஷம், கண்ணு. 2020 செப்டம்பரில் அவர் மறைந்தார். அடுத்த வருஷம்தான் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இருக்கும்போதே கொடுத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

எனக்கு அம்புலிமாமா முடி வெட்டும் கடையில்தான் கிடைக்கும். முறை வரும்வரை படிக்கலாம் என்பதால் கூட்டமான நாளாகப் பார்த்துப் போவேன். பன்னிரண்டு வயதில் ஒரு பழைய இதழைக் கெஞ்சி வாங்கிவந்து, வேதாளம் மரத்தில் தொங்குகிற படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி வரைந்தேன். மரம் மட்டும் சொந்தமாகப் போட்டேன், நம் ஊர்க் கதைப்படி முருங்கை. அப்பா கொடிக்காலிலிருந்து வந்ததும் காட்டினேன். கை கழுவாமல் தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ன மரம்டா?"

"முருங்கை."

"முருங்கைக் கிளை ஒரு ஆளைத் தாங்குமா? மொடுக்குன்னு போயிரும். போய்ப் பொடக்காலியில பாத்துட்டு வா."

போனேன். அன்றைக்குத்தான் எங்கள் முருங்கையை முதல்முறையாகப் பார்த்தேன். தினமும் அதன் கீரையைத் தின்றவன் நான். கிளை எங்கே பிரிகிறது, பட்டை எப்படி வெடித்திருக்கிறது, காற்றடித்தால் இலை எப்படிச் சலசலக்கிறது, ஒன்றுமே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். என் முதல் ஓவிய ஆசிரியர் அவர்தான் என்பது எனக்கு விளங்கவே நாற்பது வயது ஆனது.

அதற்கு முன்பே ஒரு தப்பு செய்துவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வகுப்பில் எல்லோரையும் தாமரைப்பூ டிசைன் போடச் சொன்னேன். ஒரு பையன் ஜன்னலைப் பார்த்து அணில் வரைந்துகொண்டிருந்தான். சொன்னதைச் செய்யவில்லை என்று தாளைக் கிழித்தேன். கிழிக்கும்போதே அந்த அணிலின் வால் கண்ணில் பட்டது. உயிரோடு இருந்த வால். கை நிற்கவில்லை. இன்றைக்கு அவன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். பார்த்தால் ஐயா என்று ஓடி வருவான். நானாக ஒருநாள் அந்தத் தாளைப் பற்றி எடுத்தேன். "அதெல்லாம் ஞாபகமில்லீங்க ஐயா" என்றான். எனக்கு ஞாபகமிருக்கிறது.

பாட்டரின் கதையில் இன்னொன்றையும் நீ கவனிக்க வேண்டும். பதிப்பக வீட்டுப் பிள்ளை நார்மன் வார்ன் 1905இல் அவரைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். வியாபாரக் குடும்பம் என்று பெற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. இவர் உறுதியாக நின்றார். ஒரே மாதத்தில் நார்மன் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். படத்தில் அந்த இடம் உன்னால் தாங்க முடியவில்லை, எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாய். அதே வருஷம் அவர் ஏரிப் பகுதியில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார். முயல் சம்பாதித்த காசு மண்ணுக்குப் போனது. பிறகு ஆடு வளர்த்தார், ஹெர்ட்விக் என்கிற அந்த ஊர் ஆட்டினத்தைக் காப்பாற்றினார், விலைக்கு வந்த பண்ணைகளைத் துண்டு போடவிடாமல் வாங்கினார். 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதி வைத்திருந்தார். நிலத்தை மனைக்கல்லாகப் பார்க்கிறவர்களை நம் ரோட்டோரம் தினமும் பார்க்கிறோம். இலையையும் வித்தையும் உட்கார்ந்து பார்த்த கண்ணுக்கு நிலம் வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. நான் அப்படித்தான் நம்புகிறேன்.

போனைத் தூக்கி எறி என்று சொல்ல மாட்டேன். பாட்டர் படத்தைக் காட்டியதும் அதே போன்தான். பத்து நொடியில் வந்த நரி போனிலேயே இருக்கும், உனக்குள் ஒரு நரியும் வந்து சேராது. நீ மணிக்கணக்காக உட்கார்வது உனக்குள் ஒன்று வந்து சேர்வதற்கு.

இன்று காலை நீ நோட்டோடு கொடிக்காலுக்கு வந்தாய். அகத்தி நிழலில் உட்கார்ந்து ஒரு வெற்றிலை வரைந்து காட்டினாய். நன்றாகத்தான் இருந்தது. காம்பிலிருந்து எத்தனை நரம்பு பிரிகிறது என்று கேட்டேன். நோட்டைப் பார்த்தாய். நோட்டில் இல்லை, கொடியில் பார் என்றேன். வாயைச் சுழித்தபடி எழுந்து, வாழைநார் கட்டியிருந்த இடத்துக்குக் கீழே குனிந்து, ஓர் இலையை விரலால் திருப்பி எண்ண ஆரம்பித்தாய்.