கல்லா, கலவையா?

எங்கள் வடுகபட்டியில் வெள்ளைப்பூண்டை விரலால் அமுக்கிப் பார்த்தே தரம் சொல்லிவிடக் கூடியவர்கள் அநேகர். அதே மனிதர்கள் புது வீட்டு அடுப்பு மேடைக்குக் கல் வாங்கப் போனால், கடைக்காரர் சொன்னதை வேதவாக்காகக் கொண்டு திரும்புகிறார்கள்!

கடையில் இரண்டு ரகப் பலகைகள் சாய்ந்து நிற்கும். ஒன்று பூமியிலிருந்து வெட்டி எடுத்தது. கிருஷ்ணகிரிக் கறுப்பும் மேலூர்ப் பக்கத்து வெள்ளையும் இந்த ரகம். 'கிரானைட்' என்று நாம் வாங்கும் கறுப்புக் கல்லைப் பூகர்ப்ப சாஸ்திரிகள் 'டோலரைட்' என்பார்கள். சமையலுக்கு அதனால் ஒரு குறைவும் இல்லை. மற்றொன்று ஆலையில் பிறந்தது. குவார்ட்ஸ் என்னும் படிகக் கல்லைப் பொடித்து, நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு எடுத்து, செயற்கைப் பிசினும் சாயமும் கலந்து, அழுத்திப் பலகையாக்குகிறார்கள். இத்தாலியில் பிரெட்டன் கம்பெனியார் வகுத்த முறை இது. பெயரில் சீமை வாசனை வீசினால் நம்மவர்களுக்குத் தனி மதிப்புத்தான். நம் மலைக் கல்லோ கப்பலேறிப் போய்க்கொண்டிருக்கிறது!

அடையாளம் காண்பது கடினமன்று. மேலே ஓடும் கீற்று விளிம்பிலும் இறங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். இறங்காமல் மேலோடு நின்றுவிட்டால் அது பெரும்பாலும் ஆலைச் சரக்கு. அடுத்தடுத்த இரு பலகைகளில் ஒரே கீற்று ஒரே இடத்தில் வளைந்திருந்தாலும் அப்படியே. எலுமிச்சம் பழச் சாறு பட்டுப் பளபளப்பு மங்கினால் அது சலவைக்கல். புளி கரைக்கும் வீட்டுக்கு உதவாது. கறுப்புக் கல்லை அஸிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பதும் நல்லது. துணி கறுத்தால், சாயம் பூசிய கல்.

என் தாயார் இந்தப் பரீக்ஷைகளை லட்சியம் செய்யவில்லை. "எண்ணெய் காய்ந்த இருப்புச் சட்டியை அப்படியே இறக்கி வைக்கலாமா? அதைச் சொல்லப்பா" என்றாள். மலைக் கல் சாதாரணமாகத் தாங்கும். ஆலைப் பலகையில் பிசின் இருக்கிறதே! 150 டிகிரியைத் தாண்டிய சூட்டில் அது நிறம் மாறலாம், வெடிக்கவும் கூடும். மணையில்லாமல் சட்டி இறக்கும் நம் வீடுகளுக்கு இது சின்ன விஷயமா?

சட்டியைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கல்லை அறுக்கும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து 'சிலிகோஸிஸ்' என்ற தீராத வியாதியைத் தருகிறது. மலைக் கல்லிலும் இந்த அபாயம் உண்டு. ஆனால் ஆலைப் பலகையில் சிலிக்கா மிக அதிகம். தொழிலாளிகள் இளம் வயதிலேயே நோய்ப்பட்டதைக் கண்டு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடுத்துவிட்டது. இங்கேயோ, நம் வீட்டு வாசலில் ஒரு பையன் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெண்புகைக்கு நடுவே உட்கார்ந்து அறுக்கிறான். அந்தத் துண்டு நுண்ணிய தூசியைத் தடுக்காது.

நாங்கள் கறுப்புக் கல்லையே வாங்கினோம். தொட்டிக்கும் அடுப்புக்கும் அளவு கொடுத்து, பட்டறையிலேயே நீர் பாயும் வாளில் அறுத்து அனுப்பச் சொன்னோம். கூலி சற்றுக் கூடிற்று.